மளிகைச் சீட்டிலிருந்து தொடங்குங்கள்: உணவுப் பழக்கத்தை நிலையாக மாற்ற விரும்புவோருக்கு

இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த மருத்துவர், ‘சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது; அரிசியைக் குறையுங்கள், இனிப்பை விடுங்கள், தினமும் நடங்கள்’ என்று சொல்லி அனுப்புகிறார். அன்று மாலையே ஓட்ஸ் பொட்டலமும் கிரீன் டீயும் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. இரவில் சோற்றுக்குப் பதிலாகச் சப்பாத்தி என்றும் முடிவாகிறது. மூன்றாவது வாரத்தில் அந்த ஓட்ஸ் பொட்டலம் ரப்பர் பேண்டு சுற்றியபடி அலமாரியின் மேல்தட்டில் கிடக்க, சாப்பாடு பழையபடி நடக்கிறது. எங்கள் வீட்டிலும் ஒருமுறை இப்படி நடந்தது. மன உறுதி போதவில்லை என்று அப்போது ஒருவரை ஒருவர் நொந்துகொண்டோம். இன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் வீடுகளில் ஒருவர் என்ன சாப்பிடுவார் என்பதை மாதத் தொடக்கத்தில் எழுதும் மளிகைச் சீட்டும், உலையில் போடும் அரிசியின் அளவும், தாளிக்கும் கையும், பரிமாறும் கையும் அவர் தட்டின் முன் அமர்வதற்கு முன்பே தீர்மானித்துவிடுகின்றன. ஆகவே மாற்றத்தையும் அந்த இடங்களில்தான் தொடங்க வேண்டும்.

இத்தகைய மாற்றங்களால் உண்மையிலேயே பயன் உண்டா என்று ஐயப்படுவோருக்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரைக் கொண்டு, சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் நீரிழிவு நோயாளிகளாயினர். உணவையும் உடலுழைப்பையும் தொடர்ந்து கவனித்துவந்த குழுவில் அது 39 விழுக்காடு. தீட்டிய தானியங்களையும் கொழுப்பையும் குறைப்பது, சர்க்கரையைத் தவிர்ப்பது, நார்ச்சத்துள்ளவற்றைச் சேர்ப்பது, நாளுக்கு அரை மணி நேரமாவது நடப்பது ஆகியவையே அவர்களுக்குச் சொல்லப்பட்டவை. எளியவைதான், ஆனால் விடாமல் செய்யப்பட்டவை.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை

நீரிழிவுக்கு ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றின் அளவைத் திடீரென்று பாதியாக்கக் கூடாது. மருந்தின் அளவு அப்படியே இருக்க உணவு மட்டும் குறைந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். உடல் வியர்ப்பது, கை நடுங்குவது, கண் இருட்டுவது போன்றவை அதன் அடையாளங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள், சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்பைத் தாமாக வாங்கிப் பயன்படுத்தக் கூடாது. அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும், பழுதுபட்ட சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற இயலாமற்போகலாம். கருவுற்றவர்களும் இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கீழே சொல்லப்படுபவற்றைத் தம் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது.

முதல் மாதம்: எதையும் மாற்றாமல் கணக்குப் பாருங்கள்

முதல் மாதத்தில் எதையும் விட வேண்டாம், எதையும் சேர்க்கவும் வேண்டாம். இப்போது என்ன நடக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இதற்கு ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டதை எழுதிவைக்கும் நாட்குறிப்பைப் பலர் பரிந்துரைப்பார்கள். நான்கைந்து நாள்களுக்கு மேல் அதை யாரும் தொடர்வதில்லை. கடந்த மூன்று மாத மளிகைச் சீட்டுகளை எடுத்து மேசையில் பரப்பினாலே போதும், அவை பொய் சொல்லா.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி, நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு முட்டை மீன் இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மி.லி., எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம் என்று ஒரு தட்டை வகுத்துத் தந்திருக்கிறது. உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் வரையறை. சர்க்கரை, வெல்லம், தேன், பழச்சாறு ஆகியவற்றிலிருந்து வரும் இனிப்பு மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றும் அதே அமைப்பு 2015-இல் கூறியது. 5 விழுக்காடு என்பது ஏறக்குறைய 25 கிராம், அதாவது ஐந்தாறு தேக்கரண்டி.

நாள் கணக்கை மாதக் கணக்காக்கினால்தான் இவை நம் வீட்டு மொழிக்கு வரும். நான்கு பெரியவர்கள் உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். அரிசி, இட்லியரிசி, கோதுமை, ரவை, சேமியா, சிறுதானியம் அனைத்தும் சேர்ந்து மாதம் 30 கிலோ. சர்க்கரையும் வெல்லமும் சேர்ந்து அதிகபட்சம் 3 கிலோ. உப்பு 600 கிராம். எண்ணெயும் நெய்யும் சேர்ந்து சுமார் மூன்றரை லிட்டர். காய்கறி நாளொன்றுக்கு 1,600 கிராம். உங்கள் சீட்டிலுள்ள அளவுகளை இவற்றின் அருகில் எழுதிப் பாருங்கள். உயரம், உழைப்பு, வயது ஆகியவற்றுக்கேற்பத் தானிய அளவு கூடலாம், குறையலாம். வயலிலோ கட்டட வேலையிலோ பாடுபடுபவருக்கு இந்த 250 கிராம் போதாது. வெளியில் சாப்பிடுவது இந்தக் கணக்கில் சேராது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் எந்த வரியில் இடைவெளி மிகப் பெரிதாக இருக்கிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எங்கள் சீட்டில் எண்ணெய் ஆறு லிட்டர் என்று இருந்தது. அவ்வளவு ஊற்றுகிறோம் என்று எங்களில் ஒருவரும் நினைத்திருக்கவில்லை.

எந்த வரியில் இடைவெளி அதிகமோ அங்கிருந்து தொடங்குவதுதான் முறை. எதில் தொடங்குவது என்று தயங்குபவர்களுக்குக் குடிப்பவற்றிலிருந்து தொடங்கும்படி சொல்வேன். சமையலில் கைவைக்காமல், வீட்டில் மற்றவர் யாரையும் தொந்தரவு செய்யாமல் ஒருவர் தனியாக மாற்றக்கூடியவை அவைதான்.

இரண்டாம், மூன்றாம் மாதம்: டம்ளரில் இருப்பவை

காலை எழுந்ததும் ஒரு காபி, பத்தரை மணிக்கு ஒரு டீ, மாலையில் ஒன்று, விருந்தினர் வந்தால் இன்னொன்று எனப் போகும் வீட்டில், டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் நாளைக்கு எட்டுத் தேக்கரண்டி ஆகிறது. அது சுமார் 40 கிராம். பாயசமும் பிஸ்கட்டும் வருவதற்கு முன்பே 25 கிராம் எல்லையைத் தாண்டியாயிற்று. இதை ஒரே நாளில் நிறுத்துபவர்களில் பெரும்பாலோர் ஒரே வாரத்தில் திரும்பிவிடுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைத் தேக்கரண்டி என்ற கணக்கில் குறைத்துக்கொண்டு வாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் குறை தெரியும், பிறகு நாக்கு பழகிவிடும். எட்டு வாரத்தில் சர்க்கரையே இல்லாத இடத்துக்கு வந்துவிடலாம், அல்லது அரைத் தேக்கரண்டியில் நின்றுகொள்ளலாம், எதுவானாலும் ஆதாயமே.

இதில் கைப்பக்குவம் சிலவும் உண்டு. சர்க்கரை குறையும்போது டிகாக்ஷனின் கசப்பு மேலே தெரியும் என்பதால், கூடவே டிகாக்ஷனையும் சற்றுக் குறைத்துப் பாலைக் கூட்டிக்கொள்ள வேண்டும். முதல் நாள் மிச்சம் வைத்த டிகாக்ஷன் எப்போதும் கூடுதலாகக் கசக்கும், அது சர்க்கரையைக் கேட்கும். டீயில் இஞ்சியோ ஏலக்காயோ தட்டிப் போட்டால் இனிப்புக் குறைவு அவ்வளவாகத் தெரிவதில்லை. கடையில் குடிப்பவர்கள், மாஸ்டர் கிளாசில் சர்க்கரையைப் போட்ட பிறகு சொல்லிப் பயனில்லை. காசு கொடுக்கும்போதே ‘சர்க்கரை பாதி’ என்று சொல்லிவிட வேண்டும். மறந்துவிட்டால் ‘கலக்காமல் கொடுங்கள்’ என்று கேட்டு, அடியில் தங்குவதை விட்டுவிடலாம். நான்கு நாள் தொடர்ந்து போனால் ஐந்தாம் நாள் உங்கள் முகத்தைப் பார்த்தே அவர் போட்டுத் தருவார்.

வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் மாறினால் போதும் என்று பலரும் உளமார நம்புகிறார்கள். கருப்பட்டியின் மணமும் சுவையும் தனி, அதை நானும் விரும்புகிறேன். ஆனால் அவற்றிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான், கலோரியும் ஏறத்தாழ அதேதான். நீரிழிவு உள்ளவர் வெல்லக் காபியைத் தயக்கமின்றி நாளுக்கு மூன்று முறை குடிப்பது வெள்ளைச் சர்க்கரையைக் குடிப்பதற்குச் சமம். செயற்கை இனிப்பூட்டிகளை எடைக் குறைப்புக்கான வழியாகக் கொள்ள வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2023-இல் அறிவுறுத்தியிருக்கிறது. நாக்கை இனிப்புக் குறைவுக்குப் பழக்குவதே நீடித்த தீர்வு என்பதால் நானும் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

அரை லிட்டர் கோலாவில் 50 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. பெட்டியில் வரும் பழச்சாறுகளும் இதற்குப் பெரிதும் பின்தங்கியவை அல்ல. குழந்தைகளின் பாலில் கலக்கும் மாவுகளின் பின்புற அட்டவணையையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்; அத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் வைத்து விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பொருள்களின் பட்டியல் எடையின்படி இறங்குவரிசையில் அச்சிடப்படுவது. முதல் மூன்றுக்குள் சர்க்கரையோ குளுக்கோஸ் சிரப்போ மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரினோ இருந்தால் அதை மளிகைச் சீட்டிலிருந்து எடுத்துவிடலாம். இவற்றின் இடத்துக்கு நம்மிடம் நீர்மோர் இருக்கிறது: தயிரின் அளவைப்போல நான்கு மடங்கு நீர் விட்டு, கறிவேப்பிலையும் இஞ்சியும் நசுக்கிப் போட்டு, உப்பை ஒரு சிட்டிகையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

டீ, காபியில் சர்க்கரையைத் தவிர இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அவற்றிலுள்ள டானின், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் அவற்றைத் தவிர்க்கும்படி மேற்சொன்ன 2024 வழிகாட்டி கூறுகிறது. இட்லி சாப்பிட்ட கையோடு காபி குடிப்பது நம் வழக்கமாயிற்றே என்று தோன்றும்; ஆனால் இரத்தசோகை உள்ள பெண்களுக்கு இந்த ஒரு மணி நேர இடைவெளி செலவில்லாத மருந்து போன்றது.

மது அருந்துபவர்கள் அதையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவுமில்லை என்பதை உலக சுகாதார அமைப்பு 2023-இல் தெளிவாகக் கூறிவிட்டது. ஆனால் பல ஆண்டுகளாக நாள்தோறும் குடிப்பவர் ஒரே நாளில் தாமாக நிறுத்துவது வலிப்பு உள்ளிட்ட கடும் விளைவுகளைத் தரலாம். அவர் மருத்துவரின் துணையோடு நிறுத்த வேண்டும்.

அடுத்து: தட்டு

2025-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் (ஐசிஎம்ஆர்) நாடு தழுவிய ‘இண்டியாப்’ (INDIAB) நீரிழிவு ஆய்வின்படி இந்தியர்கள் பெறும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. நம் பக்கத்து எவர்சில்வர் தட்டைக் கண்முன் கொண்டுவந்தால் இது புரியும்: நடுவில் சோற்றுக் குவியல், அதன்மேல் சாம்பார், ஓரத்தில் எலுமிச்சை அளவில் பொரியல், அதுவும் பல நாள் உருளைக்கிழங்கு. இந்தத் தட்டில் சோற்றைக் குறைப்பதற்கு முன் பொரியலைக் கூட்ட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வயிறு நிறையாமல் எழுந்திருப்பவர் நான்கு மணிக்கு முறுக்கு டப்பாவைத் திறப்பார், அதில் அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

பரிமாறும் வரிசையை மாற்றுவது முதல் வேலை. பொரியலோ கூட்டோ சுண்டலோ ஒரு கிண்ணம் நிறைய முதலில் வைத்து, அதில் பாதியைச் சாப்பிட்ட பிறகு சோறு வரட்டும். காய்கறியும் புரதமும் முதலில் உள்ளே போனால் சாப்பாட்டுக்குப் பின் இரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. இரண்டாவது வேலை உலையில். குக்கரில் சோறு மிஞ்சினால் ‘வீணாக வேண்டாம், இன்னும் ஒரு கரண்டி’ என்று அது யாருடைய தட்டிலாவது வந்து சேரும். ஆகவே வழக்கமாகப் போடும் அரிசியை ஒரு தடவை எடைபோட்டுத் தெரிந்துகொண்டு, அதில் எட்டில் ஒரு பங்கைக் குறையுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு பங்கு. சோற்றுக்குப் பதிலாக மூன்று நான்கு சப்பாத்தியை உருளைக்கிழங்குக் குருமாவோடு சாப்பிட்டால் மாவுச்சத்து கிட்டத்தட்ட அதே அளவில் உள்ளே போகிறது. வரகும் சாமையும் குதிரைவாலியும் நார்ச்சத்தில் வெள்ளை அரிசியைவிட மேலானவை. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து மிகுதி. ஆனால் மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் அதுவும் விரைவில் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். முழுத் தானியமாகச் சோறு வடித்து, வாரம் இரண்டு வேளை என்று தொடங்குவது போதும்.

கீரையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கீரை நல்லது என்பது தெரியாதவர் இல்லை. பிறகும் அது வாரத்தில் ஒரு நாளைத் தாண்டுவதில்லை. ருசி அதற்குக் காரணமன்று. ஒரு கட்டு முருங்கைக்கீரையை உருவ முக்கால் மணி நேரம் ஆகிறது. அரைக்கீரையை ஆய்ந்து, மண் போக மூன்று தண்ணீரில் அலச வேண்டும். காலை ஏழு மணிக்கு டிபன் பாக்ஸ் கட்டும் அவசரத்தில் அதற்கு நேரம் கிடையாது. அந்த வேலையும் பெரும்பாலான வீடுகளில் ஒரே பெண்ணின் தலையில் விழுகிறது. ‘இனிமேல் தினமும் இரண்டு காய், ஒரு கீரை’ என்று கணவர் அறிவிப்பது எளிது. அந்த அறிவிப்பு இன்னொருவருடைய காலைத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைப் பறிக்கிறது என்றால் அது நிலைக்காது, நிலைக்கவும் கூடாது. யாருடைய பரிசோதனை அறிக்கைக்காக மாற்றம் நடக்கிறதோ அவர் கீரை ஆய வேண்டும், பீன்ஸ் நறுக்க வேண்டும். இரவு செய்தி பார்க்கும் நேரத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டால் கட்டு முடிந்துவிடும். கழுவாமல், செய்தித்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் அலசி வதக்குவது பத்து நிமிட வேலை. அதே இரவில் ஒரு டம்ளர் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ ஊறப்போட்டுவிட்டால் மறுநாள் மாலைப் பஜ்ஜிக்கு மாற்றாகச் சுண்டல் வந்துவிடும், பருப்பு வகைக்கான 85 கிராமுக்கும் அது கைகொடுக்கும்.

உப்பும் எண்ணெயும்

இவை இரண்டுக்கும் மருந்து ஒன்றே: கண்ணளவை விட்டுக் கரண்டியளவுக்கு வருவது. எண்ணெய்ப் புட்டியைச் சாய்த்து ஊற்றும் வழக்கத்தை நிறுத்தி, தூக்கில் ஒரு தேக்கரண்டியை நிரந்தரமாகப் போட்டுவையுங்கள். ஒருவருக்கான 27 கிராம் என்பது ஆறு தேக்கரண்டி; தாளிப்பது, வதக்குவது, தோசைக்கு விடுவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். எங்கள் ஆறு லிட்டர் நாலரையாக இறங்கியது இந்த ஒரு கரண்டியால்தான். பொரித்து மிஞ்சிய எண்ணெயை மறுபடி காயவைத்துப் பொரிப்பதையும் விட்டுவிடுங்கள்.

உப்பில் நாக்கு பழகச் சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதங்கள் வரை ஆகும். அந்த இடைக்காலத்தை எலுமிச்சைச் சாறு, மாங்காய்ப் புளிப்பு, மிளகு, சீரகம் ஆகியவற்றைக் கொண்டு தாண்டலாம். சாம்பாரில் அரைச் சிட்டிகை குறைத்துவிட்டு அப்பளமும் ஊறுகாயும் கருவாடும் அதே தட்டில் வைத்தால் கணக்கு நேராகாது. இவற்றில் ஒரு வேளைக்கு ஏதேனும் ஒன்று என்பது கடைப்பிடிக்கத்தக்க விதி. வீட்டில் வாங்குவது அயோடின் கலந்த உப்பாகவே இருக்கட்டும்.

வீட்டுக்கு வெளியே

கல்யாணப் பந்தியில் பொரியல், கூட்டு, அவியலை முதல் சுற்றிலேயே கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சோறு வரும்போது இலைக்கு மேல் கையை நீட்டித் தடுங்கள். பரிமாறுபவருக்கு அந்தச் சைகை புரியும். உறவினர் வீட்டில் அத்தை ‘ஒரு கரண்டிதான், எனக்காக’ என்று நிற்கும்போது மருத்துவ விளக்கம் எடுபடாது. ‘ரசம் நன்றாக இருக்கிறது அத்தை, இன்னும் கொஞ்சம் விடுங்கள்’ என்று நீங்களே வேறொன்றைக் கேட்டு வாங்குங்கள். அவர் விரும்புவது நீங்கள் மனம் நிறைந்து சாப்பிடுவதைத்தான். தீபாவளிப் பலகாரத்தை வேண்டாம் என்று ஒதுக்கவும் தேவையில்லை. அன்று சாப்பிட்டுவிட்டு, மிஞ்சியதை மறுநாளே அக்கம்பக்கத்தில் பகிர்ந்துவிட்டால், அதுவே ஒரு வாரம் டப்பாவில் இருந்து தொடர்வது நிற்கும்.

தவறிய நாள்களும் கணக்கும்

ஒரு பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் பிறரும் 96 பேரைக் கொண்டு செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் தக்கபடி அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு மாற்றம் என்று நான் மேலே வகுத்ததற்குக் காரணம் இதுதான். நேற்று மூன்று குலாப்ஜாமூன் சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால், இன்று பட்டினி கிடக்காமல் இன்றைய டீயை அரைச் சர்க்கரையில் குடியுங்கள்.

கணக்கு வைக்கச் செயலி எதுவும் வேண்டாம். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரின் அதே கட்டத்தில், அந்த மாற்றம் நடந்த நாளில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு மாற்றத்தின் இரண்டாவது மாதத்தில் இருபத்தைந்து புள்ளிக்கு மேல் வந்தால் அடுத்ததற்குப் போகலாம். இல்லையென்றால் அதே மாற்றத்தை இன்னொரு மாதம் தொடருங்கள், புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம்.

எடைக்கருவியில் தினமும் ஏறி மனம் தளர்வதைவிட, மாதம் ஒருமுறை தையல் நாடாவால் இடுப்பைத் தொப்புள் உயரத்தில் அளப்பது மேல். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ.யும் பெண்களுக்கு 80 செ.மீ.யும் எல்லைகள். முந்தைய இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை, மாற்றத்தைத் தொடங்கி மூன்று மாதம் ஆவதற்கு முன் செய்துகொள்வதில் பொருளில்லை. அந்தப் பரிசோதனைக்குப் போகும் நாளில் முதல் மாத மளிகைச் சீட்டையும் அண்மைய சீட்டையும் சேர்த்து எடுத்துச்சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தைக் குறைப்பதா, அடுத்து எந்த வரியில் கைவைப்பதா என்பதை அவர் அவற்றைப் பார்த்துச் சொல்ல முடியும்.